கடைத்தெருவில் நன்னூல்

(கடை, அச்சகம், அலுவலகம் ஆகியவற்றில் எழுத்துப்பணி செய்யும் இளைஞர்க்கென நடந்த மாலை வகுப்பில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

   

விளம்பரமும் அறிவிப்பும் தொழில்மடலும் எழுதுவது எப்படி என்பது எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. இதனைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், "இலக்கணம் நடத்துகின்ற உமக்குக் கடைக்காரரின் துண்டறிக்கையில் என்ன வேலை?" என்று நகைத்தார். நகைக்கட்டும். நான் அவரைக் கேட்டது ஒன்றே. நம் ஊரில் நூல் ஒன்றையும் வாங்காதவர் எத்தனையோ பேர். அவர்கள் தமிழை எங்கே படிக்கின்றனர்? கடையின் பெயர்ப்பலகையில் படிக்கின்றனர். மருந்துப் புட்டியில் ஒட்டிய தாளில் படிக்கின்றனர். பங்கீட்டுக் கடையின் கரும்பலகையிலும், பேருந்தின் நெற்றியிலும், மின்வாரிய அறிவிப்பிலும் படிக்கின்றனர். அவர்களுக்கு வாய்த்த எழுத்துத் தமிழ் அவ்வளவே. அந்தத் தமிழைப் பாவலர் எழுதுவதில்லை, நீங்கள் எழுதுகின்றீர்கள். அதனாலேயே இங்கு வந்தேன்.

விளம்புதல் என்றால் சொல்லுதல். விளம்பரம் நமக்குப் புதுவதன்று. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் அங்காடித் தெருவில் அசைந்த பல்வகைக் கொடிகளைக் காட்டுகின்றன. கள் விற்ற கடைக்கும் கொடி இருந்தது. எழுத்தறியாதவனும் கொடியைக் கண்டு இன்ன கடை என்று அறிந்தான். அதனினும் சிறந்த சான்று அகநானூற்றில் உள்ளது. 390-ஆம் பாட்டு, பாடியவர் அம்மூவனார். உப்பு வணிகர் மகள் ஒருத்தி தெருத்தோறும் கூவி விற்கின்றாள். ஊராரை விளிக்கின்றாள். நெல்லுக்கு உப்பு ஒத்த அளவு என்று விலை சொல்கின்றாள். வாங்கமாட்டீர்களோ என்று கேட்கின்றாள். அவ்வளவுதான் அவள் விளம்பரம். யாரிடம் பேசுகின்றாள் என்பது உண்டு, பொருள் உண்டு, விலை உண்டு, கேட்டவர் செய்யவேண்டியது உண்டு. 'மாபெரும்' இல்லை, 'வரலாறு காணாத' இல்லை. உப்பை உப்பு என்றே சொல்லி விற்றாள்.

இன்றைய விளம்பரம் எப்படிப் பிறக்கின்றது? பெருநிறுவனங்களின் விளம்பரம் பலவும் மும்பையிலோ தில்லியிலோ ஆங்கிலத்தில் பிறக்கின்றது. அங்கிருந்து வந்த தாளை இங்கே ஒருவர் சொல்லுக்குச் சொல் பெயர்க்கின்றார். அண்மைக் காலமாக அந்த வேலையைக் கணிப்பொறியே செய்து தருகின்றது. கூலியும் மிச்சம் என்கின்றனர். விளைவு என்ன? "உங்கள் பற்களை உங்கள் பல்துலக்கியால் துலக்குங்கள்" என்று எழுதுகின்றனர். பின் யார் பற்களைத் துலக்குவது? பக்கத்து வீட்டார் பற்களையா? 'பல் துலக்குங்கள்' என்றால் தமிழனுக்குப் போதும். "இது ஒரு நம்பத்தக்க, ஒரு உறுதியான சுவர்ப்பூச்சு" என்று 'ஒரு'வை ஆணியாக அடிக்கின்றனர். ஆங்கிலத்துக்கு அந்த ஆணி வேண்டும், தமிழுக்கு வேண்டியதில்லை. "எங்களால் தங்களுக்கு வழங்கப்படுகின்ற சலுகை" என்கின்றனர். 'நாங்கள் தரும் சலுகை' என்றால் நாக்குச் சுளுக்கிக்கொள்ளுமா?

தனித்தமிழ் அன்பர்கள் இங்கே ஒன்றை ஊன்றிக் கேட்கவேண்டுகின்றேன். மேலே காட்டிய தொடர்களில் அயற்சொல் ஒன்றும் இல்லை என்று நீங்கள் மகிழலாம். 'பல்துலக்கி' தமிழ்; 'வழங்கப்படுகின்ற' தமிழ்; ஆனால் தொடர் தமிழன்று. சொல்லுக்குக் காவல் போட்டுவிட்டுத் தொடரைத் திறந்த வீடாக விட்டுவிட்டோம். 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதன்பின் ஆட்சிச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆக்கப்பெற்றன. வட்டாட்சியரும் மாவட்ட ஆட்சியரும் பெயரளவில் தமிழராயினர். மடலின் தொடரோ இன்றுவரை ஆங்கிலேயன் விட்டுச்சென்ற நாற்காலியிலேயே அமர்ந்திருக்கின்றது. "பார்வையிற் காணும் கடிதத்தின்பால் தங்கள் கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது" என்பது அலுவலகத்தார் நாள்தோறும் எழுதும் தொடர். யார் ஈர்க்கின்றார்? கயிறு கட்டியா ஈர்க்கின்றார்? 'இந்த நாளில் நாங்கள் எழுதிய மடலைப் பாருங்கள்' என்பதே இதன் பொருள். 'படு' என்னும் துணைவினை தமிழுக்கு உரியதே. அதை நான் விலக்கச் சொல்லவில்லை. செய்தவன் பெயரை மறைப்பதற்காக அதைப் பயன்படுத்தும்போதுதான் அது கேடாகின்றது. "சாலை செப்பனிடப்படும்" என்ற அறிவிப்பில் யார் செப்பனிடுவார், எந்த நாளில் என்பது இல்லை. இல்லாததனாலேயே அது எழுதுவோர்க்கு இனிக்கின்றது.

எழுதியதைச் சரிபார்க்க மேலைநாட்டு நூல் தேடி அலையவேண்டா. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் செய்த நன்னூலின் பாயிரத்தில், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றமும் ஆகும் பத்து அழகும் சொல்லப்பட்டுள்ளன. தொல்காப்பிய மரபியலிலும் நூலின் சிதைவுகள் பத்து உள. நாம் அவற்றைத் தேர்வுக்கு உருப்போட்டு மறந்தோம். நூலுக்குச் சொன்ன அளவுகோல் துண்டறிக்கைக்குப் பொருந்துமா என்றால், நூலைக் காட்டிலும் நன்றாகப் பொருந்தும் என்பேன். நூலில் ஒரு பக்கம் பழுதானால் மறுபக்கம் காக்கும். துண்டறிக்கைக்கு மறுபக்கம் ஏது?

குன்றக் கூறல் என்பது குற்றங்களுள் முதலாவது. "குடிநீர் வழங்கல் தடைப்படும், பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும்." எந்தத் தெருவில்? எத்தனை நாள்? எந்த வேளை முதல் எந்த வேளை வரை? குடத்தோடு நிற்கும் பெண்ணுக்கு வேண்டியவை இம் மூன்றே; இம் மூன்றும் இல்லை. வேண்டாத 'ஒத்துழைப்பு' மட்டும் உண்டு.

மிகைபடக் கூறலை ஆடித் திங்களில் காணலாம். ஒரே தெருவில் ஒவ்வொரு துணிக்கடையும் 'மாபெரும் தள்ளுபடி' என்கின்றது. எல்லாரும் உரக்கக் கூவினால் ஒருவர் குரலும் கேளாது. 'பருத்திச் சேலை, சென்ற திங்கள் 900 உருபா, இத் திங்கள் 650 உருபா' என்று ஒரு கடை எழுதட்டும். நம் பெண்கள் எந்தக் கடைப்படி ஏறுவர்? எண்ணுக்கு உள்ள ஆற்றல் அடைமொழிக்கு இல்லை.

வெற்றெனத் தொடுத்தலுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின் 'நம்பிக்கை, நாணயம், கைராசி' என்பதைப் பாருங்கள். எந்த நகைக்கடைக்கும் பொருந்தும். ஆகவே எந்த நகைக்கடையையும் குறிக்காது. அதே நகைக்கடைக்காரர் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று எழுதும்போது மட்டும் மக்கள் நின்று படிக்கின்றனர். கரணியம், அவை மக்கள் கடையில் வாய்விட்டுக் கேட்கும் சொற்கள்.

மயங்க வைத்தலைப் பற்றி ஆசிரியன் என்ற முறையில் சற்று நீட்டிப் பேச இசைவு தாருங்கள். வல்லெழுத்து மிகுமிடம் மிகாவிடம் என்றவுடன் இளைஞர் முகம் சுளிக்கின்றனர். 'அச்சில் இடம் மிச்சம்' என்று ஒற்றை உதிர்க்கின்றனர். 'மோர் கடை' என்று ஒரு பலகை தொங்குகின்றது. கடைதல் என்பது வினை. கடை என்பது அதன் ஏவல். பலகை நமக்கு இடும் கட்டளை மோரைக் கடையவேண்டும் என்பது! நான் மத்தை எங்கே தேடுவேன்? 'மோர்க்கடை' என்று எழுதியிருந்தால் காசைக் கொடுத்துக் குடித்துவிட்டுப் போயிருப்பேன். 'கீரை கடை' என்பதும் அப்படியே. அது வீட்டில் அடுப்படியில் சொல்வது. ஓர் ஒற்று, கடைக்காரரைக் கட்டளைக்காரர் ஆக்கிவிடுகின்றது. இது விளையாட்டுக்குச் சொன்னது; வாடகை ஒப்பந்தத்திலோ கடன் பத்திரத்திலோ இதுபோல் நேர்ந்தால் அது விளையாட்டாக முடியாது.

பெயர்ப்பலகை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் பற்றிய 1948-ஆம் ஆண்டு விதிகளில் பின்னர்ச் செய்த திருத்தத்தின்படி, பெயர்ப்பலகையில் தமிழே முதலிடம் பெறவேண்டும். விதிக்கு அஞ்சி, 'சூப்பர் மார்க்கெட்' என்று தமிழெழுத்தில் முதலில் எழுதிவிடுகின்றனர். எழுத்து முதலிடம் பெற்றது. மொழி வாயிலிலேயே நின்றது.

இனி, நல்ல விளம்பரம் எழுதுவதற்கு வேண்டிய முதல் வேலை எழுதுவதன்று, சென்று பார்ப்பது. அமெரிக்காவில் கிளாடு ஆப்கின்சு என்றொரு விளம்பர எழுத்தாளர் இருந்தார். 1923-இல் விளம்பரக் கலையைப் பற்றி நூல் எழுதியவர். சிலிட்சு என்னும் பீர் ஆலைக்கு அவர் விளம்பரம் எழுத நேர்ந்தது. கள்வணிகம் நமக்கு உடன்பாடன்று. ஆயினும் கதையில் உள்ள பாடம் கொள்ளத்தக்கது. அக் காலத்தில் ஆலைகள் எல்லாம் 'எங்களுடையது தூயது' என்றே போட்டியிட்டுக் கத்தின. அவர் ஆலைக்குள் சென்றார். புட்டிகளை நீராவியால் கழுவுவதையும், ஆழ்கிணற்று நீரை எடுப்பதையும் நேரில் கண்டார். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். எல்லா ஆலைகளும் இப்படித்தானே செய்கின்றன என்றனர் ஆலையார். எல்லாரும் செய்கின்றனர், ஒருவரும் சொல்லவில்லை என்று கண்டு அதையே விளம்பரமாக எழுதினார் அவர். 'தூய' என்ற சொல் செய்யாததைப் புட்டி கழுவும் நீராவி செய்தது.

நம் ஊர்ச் செக்கெண்ணெய்க் கடைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 'தரமான, தூய, உயர்ந்த நல்லெண்ணெய்' என்று எழுதுவதற்கு நீங்கள் வேண்டியதில்லை. அதைக் கடைக்காரரே எழுதிக்கொள்வார். நீங்கள் கடையின் பின்கட்டுக்குச் செல்லுங்கள். செக்கு வாகை மரத்தால் ஆனதா என்று கேளுங்கள். எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுவதைப் பாருங்கள். ஆட்டிய எண்ணெயை எத்தனை நாள் தெளியவைக்கின்றார், அடியில் தங்கும் கசடை என்ன செய்கின்றார் என்று உசாவுங்கள். பிறகு எழுதுங்கள்: 'எள்ளும் கருப்பட்டியும் இட்டு வாகைமரச் செக்கில் ஆட்டுகின்றோம். மூன்று நாள் தெளியவைத்தே தருகின்றோம். காலை ஆறு மணிக்குச் செக்கு ஓடும், வந்து பாருங்கள்.' இதில் ஓர் அடைமொழியும் இல்லை. படிப்பவர் வாயில் எண்ணெயின் மணம் ஊறும். மூன்று நாள் என்பது மெய்யாக மூன்று நாளாக இருக்கவேண்டும். ஒரே நாளில் விற்பவர்க்கு அதை எழுதித் தராதீர்கள்.

மெய்யைப் பற்றிச் சட்டமும் பேசுகின்றது. நீரிழிவு முதலிய நோய்களைத் தீர்ப்பதாக மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டிலேயே நடுவணரசுச் சட்டம் ஒன்று தடுத்துவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் காப்புச் சட்டம், மயக்கும் விளம்பரத்துக்கு 10 இலக்கம் உருபா வரையும், மீண்டும் செய்தால் 50 இலக்கம் வரையும் தண்டம் விதிக்க வழி செய்துள்ளது. இருந்தும் 'பக்க விளைவு அறவே இல்லை', 'நூற்றுக்கு நூறு தீர்வு' என்று சுவரெங்கும் எழுதிக்கிடக்கின்றது. அவற்றை எழுதித் தந்தவரும் நம்மைப் போல் தமிழ் படித்த ஒருவரே என்பது எனக்கு வருத்தந் தருகின்றது.

அடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்து மரத்தடிக்கு வருவோம். சிறு பலகையை மடியில் வைத்துக்கொண்டு முறையீட்டு மடல் எழுதித் தருவோர் அங்கே உளர். தொழில்முறை எழுத்தாளர் என்றால் முதலில் அவர்களையே சொல்வேன். கைம்பெண் ஒருத்தி உதவித்தொகை கேட்டு வருகின்றாள். அவர் எழுதுகின்றார்: "மேற்படி முகவரியில் கண்ட யான் மேற்படி ஊரில் நெடுங்காலமாக வசித்து வருகின்றபடியாலும், எனது கணவர் காலமாகிவிட்டபடியாலும், வேறு போக்கிடம் இல்லாதபடியாலும், ஐயா அவர்கள் சமூகம் தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு..." இதற்குள் தாள் முடிந்துவிட்டது. சென்று தேய்ந்து இறுதல் என்று நன்னூல் சொன்னது இதுவே. எதை வேண்டுகின்றாள் என்பது கடைசிவரை வரவில்லை. 'ஆவன' என்ற மூட்டைக்குள் கிடக்கின்றது. நாளொன்றுக்கு நூறு மடல் பார்க்கும் எழுத்தர் அந்த மூட்டையை அவிழ்ப்பாரா? மடலுக்கு உரியவளோ தன் கைந்நாட்டுக்கு மேலே என்ன எழுதியிருக்கின்றது என்று அறியாள்.

நன்னூல் சொல்லும் அழகுகளுள் முறையின் வைப்பு ஒன்று. மடலில் அது, படிப்பவர் முதலில் அறியவேண்டியதை முதலில் வைப்பது. 'கைம்பெண்களுக்கான உதவித்தொகை எனக்கு வழங்குமாறு வேண்டுகின்றேன். என் கணவர் 2023-ஆம் ஆண்டு இறந்துவிட்டார். எனக்கு வேறு வருவாய் இல்லை. துணையாக மக்களும் இல்லை. இறப்புச் சான்றின் படியும் குடும்ப அட்டையின் படியும் இணைத்துள்ளேன்.' ஐந்தே தொடர்கள். எழுதி முடித்தவுடன் அப் பெண்ணுக்குப் படித்துக் காட்டுங்கள். 'ஆமாங்க, அதுதான்' என்று அவள் சொன்னால் மடல் முடிந்தது. அவள் விழித்தால் மடல் இன்னும் முடியவில்லை என்க. இதில் பணிவு குறைந்துவிட்டதே என்று சிலர் வருந்துவர். உரிமையைக் கேட்பதற்கு 'வேண்டுகின்றேன்' என்ற பணிவு போதும்.

எல்லாவற்றினும் என்னை வாட்டுவது நஞ்சுப் புட்டியின் தாள். பூச்சிக்கொல்லிகளுக்கான 1971-ஆம் ஆண்டு விதிகளின்படி, அத் தாளில் விற்கும் பகுதியின் மொழியும் இருத்தல் வேண்டும். நஞ்சின் கடுமையைக் காட்ட வண்ணக் கட்டமும் உண்டு: மிகக் கொடியதற்குச் சிவப்பு, அடுத்து மஞ்சள், பின்னர் நீலம், பச்சை. தமிழ் இருக்கின்றதா என்றால் இருக்கின்றது. எப்படி இருக்கின்றது? "பரிந்துரைக்கப்பட்ட அளவில் நீர்க்கச் செய்யப்பட்ட பின்னர், உரிய தற்காப்பு உடைகள் அணியப்பட்ட நிலையில் தெளிக்கப்படுதல் வேண்டும்" என்னும் போக்கில் இருக்கின்றது. அதுவும் எறும்பு ஊர்ந்தாற் போன்ற எழுத்தில்! தொல்காப்பியர் சொன்ன சிதைவுகளுள் கேட்போர்க்கு இன்னாததாக யாத்தலும் ஒன்று. வயலில் நிற்கும் உழவர் இதைப் படித்து என்ன செய்வார்? வண்ணத்தையும் பார்க்கமாட்டார், பக்கத்து வயலார் சொன்ன அளவில் கலப்பார். அதைத் தமிழில் எழுதினால் எப்படி இருக்கும்? 'கையுறை போடுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். அளவுமூடியால் அளந்து நீரில் ஊற்றுங்கள். குச்சியால் கலக்குங்கள், கையால் கலக்காதீர்கள். காற்று அடிக்கும் பக்கம் முதுகைக் காட்டி நின்று தெளியுங்கள். வெறும் புட்டியில் வேறெதையும் ஊற்றி வைக்காதீர்கள்.' ஒவ்வொரு தொடரும் ஒரு செயல். ஒவ்வொரு வினையும் அவர் கை செய்யும் வினை. இத்தகைய தாள் ஓர் உயிரைக் காக்கும். முன்னது விதியை மட்டும் காக்கும்.

மற்றப் பொதிபொருள்களுக்கோ இந்த அளவும் இல்லை. அடைத்து விற்கும் பண்டங்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவை விதிகள், பொதியின் மேல் இட வேண்டிய செய்தி இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்கின்றன. பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம், கட்டாயம் இல்லை. ஆக, தமிழ்நாட்டில் செய்து தமிழ்நாட்டிலேயே விற்கும் பொதியில்கூடத் தமிழ் என்பது உற்பத்தியாளர் மனம் வைத்தால் வருவது. அதை எதிர்த்துப் பேசுவது ஒருபுறம் இருக்கட்டும். உள்ளூர் மாவு ஆலைக்கும் ஊறுகாய்க் கடைக்கும் தாள் அச்சிடுவது உங்கள் அச்சகம் அன்றோ? நீங்கள் கேட்காமலே ஒரு தமிழ் வரைவை எழுதிக் காட்டினால், பத்துப் பேரில் ஆறு பேராவது 'போடுங்கள்' என்பர்.

நம்மவர் குறையையும் சொல்லாமற் போகக்கூடாது. ஆர்வத்தால் ஒரே துண்டறிக்கையில் பதினைந்து புதுச்சொற்களைக் கொட்டிவிடுகின்றோம். படிப்பவர் மூன்றாவது சொல்லில் தாளை மடித்துக் காதைக் குடைகின்றார். இதுவும் மயங்க வைத்தலே. 'அபேட்சகர்' போய் 'வேட்பாளர்' வந்தது எப்படி? தேர்தல் சுவரொட்டியில், ஒருவர் படத்தின் அடியில், அவர் பெயரோடு அச்சொல் நின்றது. பொருள் கேட்க வேண்டியிருக்கவில்லை. 'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை' போய்த் 'திருமண அழைப்பிதழ்' வந்ததும், கையில் இருக்கும் தாளின் மேலேயே அச்சொல் இருந்தமையால். 'பேருந்து' நிலையத்தின் முகப்பில் ஏறியது, நிலைத்தது. 'குளம்பி'யோ இன்னும் நூலுக்குள்ளேயே ஆறிக்கொண்டிருக்கின்றது. தேநீர்க்கடைப் பலகையில் தேநீருக்குப் பக்கத்தில் அதை விலையோடு எழுதியவர் மிகச் சிலர். ஆகவே புதுச்சொல்லைப் பொருளின் மேல் ஒட்டுங்கள். ஓர் அறிவிப்புக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். சுற்றியுள்ள சொற்கள் எல்லாரும் அறிந்தவையாக இருக்கட்டும். நஞ்சு, நெருப்பு, மின்சாரம், மருந்து ஆகியவற்றின் அறிவிப்பில் மட்டும் புதுச்சொல் ஆய்வு செய்யாதீர்கள். அங்கே ஊரார் அறிந்த சொல்லே தமிழ்.

பயிற்சி என்ன என்று கேட்பீர்கள். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் தொடரை வெட்டுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒருவரிடம் தாளைக் கொடுத்து, "இதைப் படித்தபின் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். 'நன்றாக இருக்கின்றது' என்று சொன்னால் அது பயன்படாத விடை. 'நாளைக் காலை அட்டையை எடுத்துக்கொண்டு போவேன்' என்று சொன்னால் அது விடை. ஆங்கிலத்தாள் வந்தால் ஒருமுறை படித்துக் கவிழ்த்து வையுங்கள். உங்கள் அத்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்து, சொன்னதை எழுதுங்கள். பிறகே தாளை நிமிர்த்தி, எண்ணும் பெயரும் விடுபட்டனவா என்று ஒத்துப்பாருங்கள்.

இங்கு வந்துள்ள ஒவ்வொருவர்க்கும் உள்ளூரில் திரட்டிய அறிவிப்புத் தாள் ஒன்றைத் தருகின்றேன். குடிநீர்த் தடை, கூட்டுறவுக் கடன் நினைவூட்டல், தடுப்பூசி நாள், ஏலம் என்று வகைவகையாக உள்ளன. எழுதிய அலுவலகங்களின் பெயரை அடித்துவிட்டேன். வரும் அறிவன்கிழமை மாலைக்குள் திருத்தி எழுதிக் கொண்டுவாருங்கள். பாதி நீளத்துக்கு மேல் போகக்கூடாது. நாள், இடம், தொகை ஒன்றும் குறையக்கூடாது. வல்லெழுத்து விட்டவர்க்கு ஓர் ஒற்றுக்கு ஒரு மதிப்பெண் குறைப்பேன்.